ஆறு கோழிக்கு வரைந்த படம்

1

என்னுடைய கோழிக்கூட்டின் படத்தை நகரசபை மூன்றாம் தடவையாகவும் திருப்பி அனுப்பியிருக்கிறது. இருபத்தாறு வருடமாகப் படம் வரைந்து பிழைக்கிறவன் நான். முதலில் தோஹாவில் களஞ்சியங்கள் வரைந்தேன், இப்போது மெல்பேணில் கடைத்தொகுதிகள் வரைகிறேன். ஒரு லொறி உள்ளே வந்து, திரும்பி, வெளியே போக எவ்வளவு இடம் வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆறு கோழி படுத்தெழும்ப ஒரு பெட்டி வரைய எனக்குத் தெரியவில்லை என்று மூன்று தரம் சொல்லிவிட்டார்கள். வெட்கக்கேடு.

முதல் தடவை வேலிக்கும் கூட்டுக்கும் இடையில் தூரம் காணாது என்றார்கள். இரண்டாம் தடவை கூரைத் தண்ணீர் எங்கே வடியும் என்று காட்டவில்லை என்றார்கள். இரண்டும் நியாயம்தான், திருத்தினேன். மூன்றாம் தடவை படத்தின் ஒரு மூலையைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்கள்.

அந்த மூலையில் இருந்தது ஒரு சின்னத் தடுப்பு. ஒரு கோழி நிற்கலாம், திரும்பலாம், அவ்வளவுதான். தனிக்கதவு, தனித் தண்ணீர்ச்சட்டி. நான் அதை யோசித்து வரையவில்லை, கை தானாக வரைந்துவிட்டது. நம் பக்கத்தில் அவிழ்த்துவிட்டு வளர்க்கிற கோழியை அறுப்பதற்கு மூன்று நாளைக்கு முன்பே பிடித்துத் தனியே அடைத்துப் போடுவார்கள். அது குப்பை கிளறித் தின்றதெல்லாம் கழிய வேண்டும். மூன்று நாளும் சுத்தமான நெல்லும் தண்ணீரும் மட்டும், அதற்குப் பிறகுதான் கத்தி. உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. நகரசபையில் இருக்கிற பெண்ணுக்கு விளக்க வேண்டியிருந்தது.

"இந்த அறை எதற்கு?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

கோழியைத் தனியாக வைப்பதற்கு என்றேன். எவ்வளவு காலம் என்றாள். மூன்று நாள் என்றேன். அதற்குப் பிறகு என்றாள். என் ஆங்கிலம் களஞ்சியங்களுக்குப் போதும், இதற்குப் போதவில்லை. கொஞ்சம் இருமிவிட்டு, "அதற்குப் பிறகு இரவுச் சாப்பாடு" என்றேன்.  குடியிருப்புப் பகுதியில் அதற்கு அனுமதியில்லை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னாள். பிறகு, படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பப்படாமல் இருக்கிறது என்றாள். கோழிகள் செல்லப்பிராணிகளா, பண்ணை விலங்குகளா? ஊரில் கோழி இரண்டும் இல்லை, கோழி கோழிதான். மூன்றாவது கட்டம் இல்லாததால் செல்லப்பிராணி என்று அடையாளம் போட்டேன். என்னைப் பெற்ற வாப்பா கப்றிலிருந்து எழும்பிவந்து ஏசியிருப்பார்.

கோழி வளர்க்கும் யோசனை என்னுடையது அல்ல. மகள் ஸாராவுடையது. அவளுக்குப் பதினேழு வயது. முட்டை குறைந்தவுடன் பண்ணைகள் கழித்துவிடுகிற கோழிகளை யாரோ சேர்த்து வீடுகளுக்குக் கொடுக்கிறார்களாம். ஆறு கோழிக்கு எழுதிப்போட்டுவிட்டு, இன்னும் கண்ணால் காணாத அந்த ஆறுக்கும் பெயரும் வைத்துவிட்டாள். வீட்டில் தமிழ் கதைப்பது குறைந்துபோய்விட்டது. அவள் கேட்டு வளர்ந்த தமிழெல்லாம் பெரியவர்களைப் பற்றி நாங்கள் கதைத்ததுதான், ஆகவே கோழிக்கும் மரியாதை கொடுத்துத்தான் பேசுவாள்.

"வாப்பா, இது என்ன றூம்?" என்று சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தாள்.

நான் சொன்னேன். மறைக்கவில்லை.

"பாவம் வாப்பா. அவங்க எங்கட வீட்டுக்கு வாறாங்க. நீங்க அவங்களுக்கு ஜெயில் கட்டி வெச்சிரிக்கீங்க." அதற்குமேல் தமிழ் எட்டவில்லை. மீதியை ஆங்கிலத்தில் சொன்னாள். கோழிகள் அவளுடையவை, ஆனால் கூடு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தடவைகூட அவளிடம் நான் கேட்கவில்லையாம்.

"கோழி உன்ட. படம் என்ட வேலை, அத எனக்கு விடு" என்றேன்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அழிரப்பரை எடுத்து அந்தத் தடுப்பை அழித்தேன். அழிக்கும்போது, இதே வார்த்தைகளை இதற்கு முன்பும் யாருக்கோ சொல்லியிருக்கிறேன் என்று பட்டது. யாருக்கு என்று அப்போது ஞாபகம் வரவில்லை.

2

கூட்டின் அளவுகளைப் புத்தகம் பார்த்துத்தான் போட்டிருந்தேன். அதை எழுதியவருக்குக் கோழியைத் தெரிந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர்களில் கோழியைத் தெரிந்தவள் என் தங்கை பரீதா. அண்ணன் என்பதால் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். இலங்கையில் எங்கள் ஊரான கல்முனையில், உம்மாவின் பழைய ஓட்டுவீடு நின்ற அதே வளவில் இருக்கிறாள். பள்ளிக்கூடக் காலத்திலேயே கோழியை மடியில் வைத்துக்கொண்டு பாடம் படித்தவள். அவளுடைய கணக்குக் கொப்பியெல்லாம் கோழி எச்சம் காய்ந்து கிடக்கும்.

ஒரு ஞாயிறு பின்னேரம் வீடியோ கோலில் அவளுக்கு எடுத்தேன். அங்கே காலை பத்து மணி. அவளைக் கட்டிய மாப்பிள்ளை சம்மாந்துறையில் உழவு மெஷின் திருத்தும் பட்டறை வைத்திருக்கிறார், ஞாயிறும் போய்விடுவார். அவள் ஆறுதலாகக் கதைக்கக்கூடிய நேரம் அது.

"கோழிக்கூடா? நீங்களா?" என்று சிரித்தாள். "நீங்கதானே காக்கா, கோழி என்னத்துக்கு எண்டு கேட்ட ஆள்."

"அது அப்ப. இப்ப மகள் கேக்கிறாள்."

"ஓம், மகள் கேட்டாச் செய்யத்தானே வேணும்."

அதில் ஒரு முள் இருந்தது. மிதிக்காமல் தாண்டிப் போனேன். படத்தைத் தூக்கிக் கமெராவுக்குக் காட்டினேன். அவளுக்குப் படம் வாசிக்கத் தெரியாது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"இந்தக் கம்பெல்லாம் ஏன் ஏணி மாதிரி ஒண்டுக்கு மேல ஒண்டு வெச்சிரிக்கீங்க?"

"இடம் மிச்சம் புள்ள."

"இடம் மிச்சம், ஆனாச் சண்டை. எல்லாம் மேல் கம்புக்குத்தான் போகும். பொழுதுபட்டா ஒவ்வொரு நாளும் கொத்துப்பாடு. ஒரே உசரத்துல வைங்க. முட்டையிடுற பெட்டி கம்ப விடப் பதிவா இரிக்கணும். உசத்தி வெச்சீங்க எண்டா அதுக்குள்ளயே படுத்து, அதுக்குள்ளயே பீச்சி, முட்டை முழுக்க நாறும்."

நான் எழுதிக்கொண்டேன். "காத்து?"

"காத்து தலைக்கு மேலால போகணும், உடம்புல படக்கூடா. மேல் கண்ணாடிய மட்டும் களட்டிட்டு வலை அடிச்சாச் சரி. கீழ் ஜன்னலத் தொறக்காதீங்க. டைல்ஸ்ல மண்ண நல்லா மொத்தமாப் போடுங்க, இல்லாட்டிக் கால் வழுக்கிக் கோணிப்போகும்."

என் கூட்டில் கண்ணாடியும் இல்லை, டைல்ஸும் இல்லை. வெறும் பலகையும் கம்பிவலையும்தான். படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு, நரி தோண்டாமலிருக்க வலையை மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கமாக மடித்திருப்பதைக் காட்டினேன்.

"நரியா? டவுனுக்குள்ளயா? எங்களுக்குக் கீரியும் மரநாயும்தான். நீங்க பெரிய ஊருல இருந்துக்கிட்டு நரியோட மல்லுக்கட்டுறீங்க."

அப்போது அவளுக்குப் பின்னால் ஒரு சேவல் கூவியது. காதுக்குள் கூவுவது போல அவ்வளவு கிட்ட. அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"எங்கால சேவல்?" என்றேன்.

"அது பக்கத்து வளவுச் சேவல் காக்கா" என்றாள். பிறகு அடுப்பில் என்னவோ கிடக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

3

நான்காம் தடவை எனக்கு வந்தது ஒரு படிவம். ஆறு கோழி என்றால், வேலியைப் பகிர்ந்துகொள்ளும் அயல்வீட்டார் படத்தைப் பார்த்து, ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்கு வேலியைப் பகிர்கிறவர் டொறீன். எண்பது வயதிருக்கும், தனியாக இருக்கிறார். பதினொரு வருடமாகப் பக்கத்தில் இருக்கிறோம். குப்பைத் தொட்டி வைக்கும் நாளில் கையசைப்போம். அவருடைய வீட்டுக்குள் நான் போனதே இல்லை.

படத்தைச் சுருட்டிக்கொண்டு போனேன். கையெழுத்துக்கு ஐந்து நிமிடம் என்று நினைத்தேன். ஒரு மணித்தியாலம் இருந்தேன். தேநீர் தந்தார், பிஸ்கட் தந்தார், படத்தை மேசையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு கோப்பை வைத்து, கண்ணாடி போட்டு ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். கதவு எந்தப் பக்கம் திறக்கும், காலை வெயில் எங்கே விழும் என்றெல்லாம் கேட்டார். கடைசியில், கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றார்.

சத்தத்தைப் பற்றியோ நாற்றத்தைப் பற்றியோ இருக்கும் என்று நினைத்தேன். அது இல்லை. வேலியில் இரண்டு பலகையைக் கழற்றிவிட வேண்டுமாம். அந்த இடைவெளியால் அவர் கோழிகளைப் பார்க்க வேண்டும், முட்டைக்கோவா இலையும் பாண் துண்டும் போட வேண்டும். "இங்கே பகல் மிகவும் நீளம்" என்றார்.

வேண்டாம் என்று யார் சொல்வது? படத்தில் அந்த இடைவெளியையும் வரைந்தேன். அவர் சொன்ன இடத்தில், அவர் குனியாமல் பார்க்கக்கூடிய உயரத்தில். சனிக்கிழமை ஆணிபிடுங்கியை எடுத்துப் போய் இரண்டு பலகையையும் கழற்றினேன். என் மனைவி ஜெஸீமா குசினியில் அடுப்பை விட்டுவிட்டு ஜன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நிந்தவூர்க்காரி. வாயைத் திறந்தால் சுற்றி வளைக்க மாட்டாள்.

"இஞ்சாருங்க, இஞ்ச ஒரு வெள்ளக்காரக் கிழவிக்கு வேலியில கடப்பு வெச்சுக் குடுக்கிறீங்க. அங்க பரீதாட கடப்ப அடைச்சுப்போட்டு வந்த மனிசன்."

கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாள். நான் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஸாராவுக்குச் சொன்ன அந்த வார்த்தைகளை முன்பு யாருக்குச் சொன்னேன் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

4

நம் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். வாப்பா இல்லாத வீட்டில் அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது மூத்த மகனின் கடமை. நான் அதைச் செய்தேன். செய்தேன் என்று சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. கடல் கடந்துபோய் உழைத்து, தங்கைக்கு மாடிவீடு கட்டினேன் என்று பள்ளிவாசலில் நாலுபேர் சொல்ல வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. சொன்னார்கள்.

படத்தை மெல்பேணிலிருந்து வரைந்து அனுப்பினேன். மேசன் பாஸ் அதைக் கடையில் பெரிதாக அச்சடித்து வைத்துக்கொண்டு கட்டினார். கீழே ஹோலும் மூன்று அறையும். மேலே ஒரேயொரு அறை, கடற்காற்று வருகிற பக்கமாகப் பெரிய ஜன்னல், தனிக் குளியலறை, தரையெல்லாம் டைல்ஸ். படத்தில் அந்த அறைக்கு மேல் "காக்காவின் அறை" என்று நானே எழுதினேன். வருடத்துக்கொரு தடவை வந்து தங்குவதற்கு.

பழைய வீட்டின் பின்வளவில் பரீதாவின் கோழிகள் இருந்தன. முருங்கைக்குக் கீழே நாலு காலில் ஒரு பலகைக்கூடு, கால்களுக்கு எறும்பேறாமல் தண்ணீர் ஊற்றிய டின். அதற்குப் பின்னால் கிடுகு வேலி, வேலியில் ஒரு கடப்பு. ஒரு ஆள் சரிந்து நுழையக்கூடிய இடைவெளி, அவ்வளவுதான். பின்வீட்டு மைமூன் மாமி அதால்தான் வருவா. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டுச் சீலையோடு, கையில் ஒரு கிண்ணத்தோடு வருவா. மாமிக்குப் பின்னால் அவவின் கோழிகளும் வரும். நம் வளவும் அந்த வளவும் அதற்கப்பால் உள்ள வளவுகளும் அந்தக் கடப்புகளால் ஒன்றாகவே இருந்தன. பெண்கள் தெருவுக்கு இறங்காமல் நாலு வீடு போய்வருவார்கள். பகல் முழுக்க அந்த முருங்கைக்குக் கீழே யாராவது இருந்து கதைத்துக்கொண்டே இருப்பார்கள். பொழுதுபட்டு மஃரிபுக்குக் கோழிகள் தத்தமது கூட்டுக்குப் பிரிந்து போகும், மாமியும் எழும்பிப் போவா.

என் படத்தில் கடப்பு இல்லை. நான்கு பக்கமும் ஆறடி மதில் போட்டேன். பின்வளவு முழுக்கக் கொங்கிறீட், சேறில்லாமல், குப்பையில்லாமல், கூட்டிக் கழுவ வசதியாக. முருங்கையைத் தறிக்கச் சொன்னதும் நான்தான்.

படம் போய்ச் சேர்ந்த அன்று பரீதா போன் எடுத்தாள். நல்லாயிருக்கி காக்கா என்றாள். பிறகு, "கோழிக்கு ஒரு மூலை விடேலாதா?" என்றாள். இப்போது நினைத்துப் பார்க்கிறேன், எவ்வளவு மெதுவாகக் கேட்டாள். நான் வேலைக்கு அவசரத்தில் இருந்தேன்.

"இனி என்னத்துக்குக் கோழி? முட்டை வேணுமெண்டாக் கடையில வாங்கு. வீடு உன்ட. படம் என்ட வேலை, அத எனக்கு விடு."

அவள் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கோழிகளை விற்றாளா, கொடுத்தாளா என்று நானும் கேட்கவில்லை. வீடு குடிபோகிற நாளுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது மைமூன் மாமி ஹபாயா போட்டு, தெருவால் சுற்றி, முன்வாசலால் வந்தா. ஹோலில் புது சோபாவின் ஓரத்தில் விருந்தாளியைப் போல உட்கார்ந்து, தேநீர் குடித்துவிட்டுப் போனா. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மதில் நன்றாக நேராக வந்திருக்கிறதே என்று தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வருடமாகிறது. அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகவில்லை.

ஆறு கோழிக்காக, பதினொரு வருடமாகப் பெயர் மட்டும் தெரிந்த ஒரு அயல்வீட்டாரிடம் படத்தை விரித்துக் காட்டி, கேட்டு, கையெழுத்து வாங்கியிருக்கிறேன். என் கூடப்பிறந்தவள் சீவியம் முழுக்க இருக்கப்போகிற வளவுக்கு அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

5

அடுத்த ஞாயிறு அவளுக்கு எடுத்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், இல்லாவிட்டால் வேறு கதைக்குப் போய்விடுவேன் என்று தெரியும்.

"பரீதா, அந்தக் கடப்ப அடைச்சது என்ட பிழை. கொங்கிறீட் போட்டதும் பிழை. உன்ட்ட ஒரு சொல்லுக் கேக்கல்ல நான்."

  தாளில் அடுத்த வரியைப் பார்த்து வாசித்தேன்.

"பாஸுக்குச் சொல்லி மதில உடைப்பம். நீ சொல்ற இடத்துல, நீ சொல்ற அகலத்துக்கு ஒரு கதவு வெப்பம். மைமூன் மாமி பழையபடி பின்னால வரட்டும்."

"ஆருக்குக் காக்கா கதவு?"

"மாமிக்குத்தான்."

"மாமி போன நோன்புல மௌத்தாகிட்டா." அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "உங்களுக்குச் சொன்னேனே. இன்னாலில்லாஹ் சொல்லிக் குரலும் அனுப்பியிருந்தீங்க."

அனுப்பியிருந்தேன்தான். ஞாபகம் வந்தது. வேலைத்தலத்தின் கார் நிறுத்துமிடத்தில், தலைக்கவசத்தோடு நின்று, அரை நிமிடம் பேசி அனுப்பிவிட்டு, லிஃப்டில் ஏறினேன். லிஃப்ட் மேலே போகும்போதே மாமி என் மனதிலிருந்து இறங்கிவிட்டா. இவ்வளவு நாளும் மாமி உயிரோடு அந்த வேலிக்கு அப்பால் இருக்கிறா என்றே நினைத்து, அவவுக்குக் கதவும் வைத்துவிட்டேன்.  மாமியின் மகள் கட்டாரில் இருக்கிறாளாம், அந்த வீடு பூட்டிக் கிடக்கிறதாம்.

"விடுங்க காக்கா, எல்லாருக்கும் வேலைதானே" என்றாள். பிறகு, "நானும் உங்களுக்கு ஒரு பிழை செஞ்சிரிக்கன். ஏசக்கூடா" என்றாள்.

போனைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். படி எனக்குத் தெரியும், நான் வரைந்த படி. பதினேழு படி ஏறி ஒரு கதவைத் திறந்தாள்.

அது என் அறை. கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்தது. டைல்ஸ் தெரியாமல் கடற்கரை மண் கொட்டியிருந்தது. ஜன்னலின் மேல் கண்ணாடிகளைக் கழற்றி வலை அடித்திருந்தது. அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு கம்பு, இரண்டும் ஒரே உயரத்தில். கம்புக்குக் கீழே, பதிவாக, என் மேசையிலிருந்து உருவிய லாச்சிகள் மூன்று வைக்கோலோடு. நடுவில் அந்தச் சேவல் நின்று என்னைப் பார்த்தது. ரெண்டு பெட்டைகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

"ரெண்டு வருசமாகுது" என்றாள். "முதல்ல கீழதான் விட்டன். பகல்ல கொங்கிறீட் சூட்டுல கால் வைக்கேலாம துள்ளித் துள்ளி நிண்டிச்சிகள். இந்த அறை சும்மாதானே கிடக்கு எண்டு... உங்கட அறை. உங்கட்டக் கேக்காமத்தான் வெச்சன். நீங்க எடுக்கிற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு பக்குப் பக்கெண்டு அடிக்கும், சேவல் கூவிருமோ எண்டு."

ரெண்டு வருடமாக என் தங்கை, அவளுடைய வீட்டில், ரெண்டு மூன்று கோழியை எனக்கு ஒளித்து வளர்த்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவளுக்கு அது தெரிந்தது, தெரியாதது போலக் கமெராவை வேறு பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கத்தில் பல்கனிக் கம்பியில் ஒரு கயிறும், கயிற்றின் நுனியில் ஒரு சின்ன வாளியும் தொங்கின.

"இது?"

"மாமிக்கு. மேலால நிண்டு கூப்பிட்டா அவ கீழ வந்து நிப்பா. முட்டைய இறக்குவன். அவ அதுல என்னவாச்சும் போட்டு மேல அனுப்புவா. இஞ்சயிருந்தே கதைப்பம், பள்ளியில அசருக்கு வாங்கு சொல்லும் வரைக்கும். மதிலுக்கு மேலால கத்திக் கதைக்கிறதுதான், எண்டாலும் கதை கதைதானே." கயிற்றின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "மாமி போனதோட அதுவும் சரி. கயித்த அவிழ்க்க மனம் வரல்ல."

பிறகு குளியலறைக் கதவை ஓசையில்லாமல் திறந்து காட்டினாள். கை கழுவும் பேசினுக்குள் வைக்கோல் போட்டு, அதன்மேல் ஒரு செங்கோழி சிறகைப் பரப்பிக்கொண்டு இருந்தது. எங்களைப் பார்த்து உறுமியது.

"நேத்துத்தான் அடை வெச்சன். பதினொரு முட்டை" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீங்க வாறீங்க எண்டா மூணு நாளைக்கு முந்திச் சொல்லுங்க. எல்லாத்தையும் எறக்கிக் கழுவி, டெட்டோல் போட்டு, அறைய அறையாத் தந்திருவன்."

"வேணாம் புள்ள. அறை கோழிக்கே இரிக்கட்டும். நான் வந்தாக் கீழ ஹோல்ல பாய் போட்டுப் படுத்துக்குவன்."

"எப்ப காக்கா?"

"வாற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு."

வாய் தானாகச் சொன்னது. ஒன்பது வருடமாக ஒவ்வொரு வருடமும் சொல்கிற அதே வார்த்தை, அதே வேகத்தில். சொல்லி முடிந்த பிறகுதான் எனக்கே கேட்டது. அவள் சிரித்தாள், கோபமில்லாத சிரிப்பு.

"சரி காக்கா" என்றாள். கோழியின் முதுகை ஒரு விரலால் தடவினாள். "இதுக்கு இருபத்தொரு நாள். இதுக்கு நாள் இரிக்கி."

6

அனுமதி வந்துவிட்டது. கூட்டைக் கட்டி முடித்தேன். கம்புகள் ஒரே உயரத்தில், பெட்டிகள் பதிவாக, காற்று தலைக்கு மேலால். கதவு எந்தப் பக்கம் வேண்டும் என்று ஸாராவிடம் கேட்டேன். அவள் சந்தேகமாக என்னைப் பார்த்துவிட்டு, தன் அறை ஜன்னலிலிருந்து தெரிகிற பக்கத்தைக் காட்டினாள். புத்தகத்தின்படி அது பிழையான பக்கம், மழைச் சாரல் அடிக்கும். அந்தப் பக்கமே வைத்துவிட்டு மேலே ஒரு சாய்ப்பு இறக்கினேன். வெள்ளிக்கிழமை கோழிகள் வந்தன. பாதி இறகு உதிர்ந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தன. "வாப்பா, அவங்க வந்துட்டாங்க" என்று அவள் தமிழில் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். டொறீன் காலையிலேயே கோவா இலையோடு இடைவெளியில் நிற்கிறார். ஜெஸீமா அவருக்கு ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் கொடுத்ததைக் கண்டேன். கிண்ணம் இரண்டு நாள் கழித்து எலுமிச்சம்பழங்களோடு திரும்பி வந்தது.

பரீதாவுக்கு ஒவ்வொரு நாளும் எடுக்கிறேன். இப்போது மேல் அறையிலிருந்துதான் கதைக்கிறாள், ஒளிக்காமல். சேவல் கூவினால் இருவரும் நிறுத்திவிட்டு, அது முடிந்த பிறகு தொடர்கிறோம். நான் வருவதைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை. பேசினுக்கு மேல் சுவரில் கரியால் கோடு போட்டு நாள் எண்ணுகிறாள், அதை மட்டும் காட்டுவாள்.

இன்று காலை பதினேழு கோடு இருந்தது. நான் இன்னும் லீவுக்கு எழுதவில்லை.